1916-ஆம் ஆண்டு அமெரிக்க கார்ப் பந்தயப் பருவம்: புதிதாகப் படிக்கத் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

பழைய அமெரிக்க கார்ப் பந்தயங்களின் முடிவுப் பட்டியலை முதன்முதலாகப் பார்ப்பவருக்குப் பெரும்பாலும் தலை சுற்றும். கேள்விப்படாத ஊர்ப் பெயர்கள், ஒரே காரை இருவர் ஓட்டியதாகக் குறிப்புகள், எந்தக் கணக்கில் வந்தன என்று விளங்காத புள்ளிகள், ஒரு புத்தகத்தில் சாம்பியனாக இருப்பவர் வேறொரு புத்தகத்தில் அப்படி இல்லாத குழப்பம் என்று எல்லாம் ஒன்றாக வந்து நிற்கும். இதற்கு அஞ்சிப் பலரும் இந்தியானாபொலிஸ் 500 பந்தயத்தின் வெற்றியாளர் வரிசையை மட்டும் மனப்பாடம் செய்துவிட்டு நின்றுவிடுகிறார்கள். அப்படி நிற்க வேண்டியதில்லை. ஒரே ஒரு பருவத்தை எடுத்துக்கொண்டு, அதை ஒழுங்கான வரிசையில் அணுகினால், அந்தக் காலத்துப் பந்தய உலகம் முழுவதும் பிடிபடத் தொடங்கும். அதற்கு 1916-ஐப் பரிந்துரைக்கிறேன்.

ஏன் 1916 என்றால், அமெரிக்கன் ஆட்டோமொபைல் அசோசியேஷன் என்ற அமைப்பு, எந்தெந்தப் பந்தயங்களுக்குப் புள்ளிகள் உண்டு என்று அறிவித்து, பருவம் முழுவதும் கணக்கு வைத்து, ஆண்டின் முடிவில் ஒருவரைத் தேசிய சாம்பியனாக அறிவித்த முறை நிலைபெறத் தொடங்கியது அந்த ஆண்டில்தான். 1905-இல் குதிரைப் பந்தய மண் தடங்களில் ஒருமுறை இப்படி முயன்று, பார்னி ஓல்ட்ஃபீல்ட் பட்டம் பெற்றார் என்பது உண்மை. ஆனால் அது தொடரவில்லை. 1916-இல் மே 13 முதல் நவம்பர் 30 வரை 15 பந்தயங்கள் பட்டத்துக்காக நடந்தன. அவற்றில் 13 நீள்வட்டத் தடங்களில் நடந்தன. இரண்டு மட்டும் சாலைப் பந்தயங்கள். பதினைந்து என்பது ஒரு வார இறுதியில் படித்து முடிக்கக்கூடிய அளவு.

இன்னொரு காரணமும் உண்டு. இந்தப் பருவத்துக்குள் ஒரு நல்ல புதிர் இருக்கிறது. டாரியோ ரெஸ்டா ஐந்து பந்தயங்களில் வென்றார். ஜானி எய்ட்கனும் ஐந்து பந்தயங்களில் முதலாவதாக எல்லைக் கோட்டைக் கடந்தார். பருவத்தின் பிற்பகுதியில் எய்ட்கனின் கையே ஓங்கியிருந்தது. ஆனாலும் ரெஸ்டா 4100 புள்ளிகளுடன் சாம்பியனானார். எய்ட்கன் 3440 புள்ளிகளுடன் இரண்டாமிடத்தில் நின்றார். இது எப்படி நேர்ந்தது என்ற ஒற்றைக் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு படியுங்கள். தடம், கார், விதி, புள்ளி என்ற எல்லாக் கதவுகளும் இந்த ஒரு சாவிக்கே திறக்கும்.

முதல் படி: தடங்களைத் தெரிந்துகொள்ளுதல்

ஓட்டுநர்களைப் பற்றிப் படிப்பதற்கு முன்பே தடங்களைப் பற்றிப் படியுங்கள். புதியவர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். பின்னர் வேகக் கணக்குகளைப் பார்த்துக் குழம்புகிறார்கள். அமெரிக்காவின் வரைபடம் ஒன்றை எடுத்து, பந்தயம் நடந்த ஊர்களைப் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். கிழக்கே நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் ஷீப்ஸ்ஹெட் பே. நடுவே இந்தியானாபொலிஸ், சிகாகோ, சின்சினாட்டி, டெ மொய்ன், ஓமஹா, மினியாபொலிஸ். மேற்கே பசிபிக் கரையை ஒட்டி டகோமா, சாண்டா மோனிகா, லாஸ் ஏஞ்சலஸ் அருகிலுள்ள அஸ்காட். கார்களும் மெக்கானிக்குகளும் உதிரிப் பாகங்களும் இந்த ஊர்களுக்கு இடையே ரயிலில் பயணம் செய்தன என்பதை நினைவில் கொண்டால், சில ஓட்டுநர்கள் சில பந்தயங்களுக்கு வராமல் போனதற்குத் தனியாக விளக்கம் தேவைப்படாது.

அடுத்து, ஒவ்வோர் ஊருக்கும் பக்கத்தில் தடத்தின் மேற்பரப்பு என்ன என்று எழுதுங்கள். இந்தியானாபொலிஸ் இரண்டரை மைல் நீளமுள்ள செங்கல் தடம். 1909-இல் ஏறத்தாழ 32 லட்சம் செங்கற்களைப் பதித்து அமைத்தது. மினியாபொலிஸ் இரண்டு மைல் கான்கிரீட் தடம். சிகாகோ, ஷீப்ஸ்ஹெட் பே, சின்சினாட்டி, டகோமா ஆகியவை தலா இரண்டு மைல் பலகைத் தடங்கள். ஓமஹா ஒன்றேகால் மைல் பலகைத் தடம். டெ மொய்ன் ஒரு மைல் பலகைத் தடம்.

பலகைத் தடம் என்ற சொல்லைப் படித்ததும் தரையில் பலகைகளைப் படுக்கவைத்துப் பரப்பியிருப்பார்கள் என்று நினைத்துவிடக் கூடாது. இரண்டு அங்குலத்துக்கு நான்கு அங்குலம் கொண்ட மரச் சட்டங்களை, அகலப் பக்கம் கீழே படாமல், விளிம்பின் மேல் நிமிர்த்தி, ஒன்றையொன்று ஒட்டி வரிசையாக அடுக்கி ஆணியடித்து இறுக்குவார்கள். மேலிருந்து பார்த்தால் தெரிவது சட்டத்தின் இரண்டு அங்குல முகம் மட்டுமே. திருப்பங்களில் இந்த மரத் தளம் கிண்ணத்தின் உட்சுவர் போல உயர்ந்து சாய்ந்திருக்கும். அந்தச் சாய்வு இருந்ததால்தான் ஓட்டுநர்கள் திருப்பத்திலும் வேகத்தை அதிகம் குறைக்காமல் சுற்ற முடிந்தது. லட்சக்கணக்கான சட்டங்கள் வேண்டியிருந்தாலும், மரம் மலிவாகக் கிடைத்த நாட்டில், சில மாதங்களுக்குள் ஒரு தடத்தை எழுப்பிவிடலாம் என்பதே முதலீட்டாளர்களை ஈர்த்தது. வெயிலிலும் மழையிலும் பக்குவப்படுத்தாத மரம் சில ஆண்டுகளில் உளுத்து, பிளந்து, துளை விழும் என்ற கணக்கை அவர்கள் பிறகுதான் போட்டுப் பார்த்தார்கள். கார் ஓடும்போது சிம்புகள் தெறித்து ஓட்டுநரின் முகத்தில் தைப்பதும், தடத்துக்கு அடியில் தச்சர்கள் நின்றுகொண்டு உடைந்த இடத்தை ஒட்டுப் போடுவதும் அந்தக் காலத்துப் பலகைத் தடங்களில் வழக்கமான காட்சிகள்.

இவ்வளவையும் எழுதிக்கொண்ட பிறகு ஒரு சிறிய சோதனை செய்து பாருங்கள். 1916 மே 30 அன்று இந்தியானாபொலிஸில் ரெஸ்டா தமது பியூஜோ காரில் 300 மைல் ஓட்டி வென்றார். சராசரி வேகம் மணிக்கு 84 மைல். ஜூன் 11 அன்று சிகாகோவில் அவரே இன்னொரு 300 மைல் பந்தயத்தில் வென்றார். சராசரி வேகம் மணிக்கு 98 மைலுக்கு மேல். பன்னிரண்டு நாள் இடைவெளியில் ஓட்டுநர் திறமை அப்படி வளர்ந்துவிடவில்லை. மாறியது தடம். செங்கல் தடத்தின் திருப்பங்களில் சாய்வு குறைவு, மேற்பரப்பு கரடுமுரடு. பலகைத் தடத்தில் சாய்வு அதிகம், மேற்பரப்பு வழுவழுப்பு. ஆகவே வெவ்வேறு தடங்களின் வேகங்களை அருகருகே வைத்து எந்த ஓட்டுநர் சிறந்தவர் என்று தீர்ப்புச் சொல்லக் கூடாது. இந்த ஒரு விதியைக் கடைப்பிடித்தாலே, இணையத்தில் நடக்கும் பாதிச் சண்டைகளிலிருந்து விலகி நிற்கலாம்.

இரண்டாம் படி: கார்களைப் பிரித்தறிதல்

அந்த ஆண்டு இன்ஜினின் கொள்ளளவு 300 கன அங்குலத்துக்கு மேல் போகக் கூடாது என்பது விதி. நம் அளவையில் ஏறத்தாழ 4.9 லிட்டர். எல்லாக் கார்களையும் படிக்கத் தேவையில்லை. நான்கு பெயர்கள் போதும்: பியூஜோ, மெர்சிடிஸ், டூசன்பர்க், மேக்ஸ்வெல்.

இவற்றில் பியூஜோவின் மேல் அதிக நேரம் செலவிடுங்கள், ஏனென்றால் பட்டத்துக்குப் போட்டியிட்ட இருவரும் ஓட்டியது அதைத்தான். பிரான்ஸில் வடிவமைத்த இந்த இன்ஜினில், சிலிண்டர் தலைப்பகுதியின் மேலே இரண்டு கேம்ஷாஃப்டுகள் (வால்வுகளைத் திறந்து மூடும் தண்டுகள்), ஒவ்வொரு சிலிண்டருக்கும் நான்கு வால்வுகள் என்ற அமைப்பு இருந்தது. இன்று நம் வீட்டு வாசலில் நிற்கும் சாதாரண கார்களில்கூட உள்ள அமைப்பு இது, அன்று புதுமை. ஐரோப்பாவில் போர் மூண்டு அங்கே பந்தயங்கள் நின்றுபோனதால், அமெரிக்காவுக்கு வந்துசேர்ந்த சில பியூஜோ கார்களுக்குப் பெரும் மதிப்பு ஏற்பட்டது. புதிய கார்கள் வருவது அரிதாகிவிட்ட நிலையில், இந்தியானாபொலிஸ் தடத்தின் உரிமையாளர்களே பந்தயத்துக்குப் போதிய கார்கள் வேண்டுமென்று பியூஜோ கார்களை வாங்கினார்கள். அவற்றைப் பார்த்து அச்சு அசலாகப் பிரீமியர் என்ற பெயரில் கார்களைச் செய்வித்தார்கள். எய்ட்கன் இந்த இந்தியானாபொலிஸ் அணியைச் சேர்ந்தவர். தடத்தின் சொந்தக்காரர்களே போட்டியாளர்களாகவும் இருந்தது இன்றைய பார்வைக்கு விநோதமாகத் தோன்றலாம். அன்று அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

மெர்சிடிஸ் என்றால் ரால்ஃப் டி பால்மா என்று நினைவில் வையுங்கள். 1914-ஆம் ஆண்டு பிரெஞ்சு கிராண்ட் பிரீ பந்தயத்துக்காகச் செய்த வகைக் காரை அவர் அமெரிக்காவுக்குக் கொண்டுவந்து, 1915-இல் இந்தியானாபொலிஸ் 500 பந்தயத்தில் வென்றிருந்தார். அன்று இரண்டாவதாக வந்தவர் ரெஸ்டா. டூசன்பர்க் அமெரிக்கச் சகோதரர்கள் இருவரின் படைப்பு. நீண்ட ராக்கர் கைகளால் வால்வுகளை இயக்கும் நான்கு சிலிண்டர் இன்ஜின் அதன் அடையாளம். மேக்ஸ்வெல் கார்களை எட்டி ரிக்கன்பேக்கரின் தலைமையில் இயங்கிய அணி ஓட்டியது. மற்றவற்றைப் போகப் போகத் தெரிந்துகொள்ளலாம்.

மூன்றாம் படி: ஒரு புகைப்படத்தை நிதானமாகப் பார்த்தல்

அட்டவணைக்குப் போவதற்கு முன் ஒரு புகைப்படத்தின் முன்னால் பத்து நிமிடம் உட்காருங்கள். அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் பெயின் செய்தி நிறுவனத்தின் பழைய படங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. அவற்றில் ஷீப்ஸ்ஹெட் பே தடத்தின் படங்களும் உள்ளன.

முதலில் தரையைப் பாருங்கள். கார் ஓடும் திசையிலேயே மெல்லிய இணைகோடுகள் நெருக்கமாக ஓடினால் அது பலகைத் தடம். சிறு கட்டங்களாகத் தெரிந்தால் செங்கல். பிறகு காருக்குள் இருப்பவர்களை எண்ணுங்கள். இருவர் இருப்பார்கள். ஐரோப்பியக் கார்களில் ஓட்டுநர் வலப்புறம் அமர்ந்திருப்பார். பந்தயம் இடஞ்சுழியாகச் சுற்றியதால் அவர் தடத்தின் வெளிப்பக்கம் இருப்பார். இடப்புறம் சற்றுத் திரும்பி உட்கார்ந்திருப்பவர் உடன் செல்லும் மெக்கானிக். பின்னால் வரும் கார் எது என்று சொல்வதும், டயர் தேய்ந்து துணி இழை தெரிகிறதா என்று பார்ப்பதும், கைப் பம்பால் எரிபொருள் தொட்டிக்கு அழுத்தம் ஏற்றுவதும் அவர் வேலை. இருவருக்கும் இடுப்பில் பட்டை இல்லை. தலையில் துணித் தொப்பியும் கண்ணாடியும் மட்டும். கார் மேல் விளிம்பைத் தாண்டினால் என்ன ஆகும் என்பதை நான் விவரிக்கத் தேவையில்லை. பருவத்தின் முதல் பந்தயத்திலேயே, மே 13 அன்று ஷீப்ஸ்ஹெட் பேயில், கார்ல் லிம்பெர்க் என்ற ஓட்டுநரும் அவருடைய மெக்கானிக்கும் உயிரிழந்தார்கள். பட்டியலில் ஓர் ஓட்டுநரின் பெயர் திடீரென்று நின்றுபோனால், அவர் ஓய்வு பெற்றுவிட்டார் என்று உடனே எண்ணிவிடக் கூடாது.

நான்காம் படி: உங்கள் கையாலேயே அட்டவணை எழுதுதல்

தயார் நிலையில் கிடைக்கும் அட்டவணையைப் பார்ப்பதோடு நிறுத்தாதீர்கள். ஒரு நோட்டுப் புத்தகத்தில் தேதி, ஊர், தடத்தின் வகை, தூரம், வென்றவர், கார் என்று ஆறு கட்டங்கள் போட்டு, நீங்களே ஒவ்வொன்றாக நிரப்புங்கள். எழுதும்போதுதான் பருவத்தின் போக்கு கண்ணில் படும். நான் முதன்முறை எழுதியபோது, செப்டம்பர் மாதத்திலிருந்து எய்ட்கனின் பெயரை அடுத்தடுத்துத் தொடர்ந்து எழுதிக்கொண்டிருப்பதை உணர்ந்துதான் மேலே சொன்ன கேள்வி எனக்கு எழுந்தது.

நிரப்பும்போது கிடைக்கும் வரிசை இது. ஷீப்ஸ்ஹெட் பேயில் மே 13 அன்று நடந்த 150 மைல் பந்தயத்தில் ரிக்கன்பேக்கர் மேக்ஸ்வெல் காரில் வென்றார். மே 30-இல் இந்தியானாபொலிஸும் ஜூன் 11-இல் சிகாகோவும் ரெஸ்டாவுக்கு. ஜூன் 24 அன்று டெ மொய்னிலும் ஜூலை 4 அன்று மினியாபொலிஸிலும் டி பால்மா. ஜூலை 15 அன்று ஓமஹாவில் மீண்டும் ரெஸ்டா. ஆகஸ்ட் 5 அன்று டகோமாவில் 300 மைல் ஓட்டி ரிக்கன்பேக்கர் வென்றார். இதுவரை எய்ட்கனுக்கு ஒரு வெற்றியும் இல்லை என்பதைக் கவனியுங்கள்.

செப்டம்பர் 4 அன்று சின்சினாட்டியில் காட்சி மாறுகிறது. அங்கே 300 மைல் பந்தயத்தில் எய்ட்கன் வென்றார். செப்டம்பர் 9 அன்று இந்தியானாபொலிஸில் அறுவடைத் திருநாள் என்ற பெயரில் 20, 50, 100 மைல் என்று மூன்று பந்தயங்கள் நடந்தன; மூன்றிலும் எய்ட்கனே முதலிடம் பெற்றார். இவற்றில் 100 மைல் பந்தயம்தான் பட்டக் கணக்கில் சேர்ந்தது. (அன்றைக்குப் பிறகு 1994 வரை அந்த நீள்வட்டத்தில் மே மாதப் பெரும் பந்தயத்தைத் தவிர வேறு கார்ப் பந்தயமே நடக்கவில்லை.) செப்டம்பர் 30 அன்று ஷீப்ஸ்ஹெட் பேயில் 250 மைல் ஆஸ்டர் கோப்பையும் எய்ட்கனுக்கே. அக்டோபர் 14 அன்று சிகாகோவில் ரெஸ்டா ஒருமுறை எழுந்து நின்றார். அதே மாத இறுதியில் ஷீப்ஸ்ஹெட் பேயில் ஹார்க்னெஸ் கோப்பைக்கான 100 மைல் பந்தயத்தில் எய்ட்கன் மணிக்கு 105 மைலுக்கு மேற்பட்ட சராசரியில் வென்றார். கணக்குப் போட்டுப் பார்த்தால், இரண்டு மைல் தடத்தில் ஒரு சுற்றுக்கு 68 வினாடிகள். அதே வேகத்தில் ஐம்பது சுற்றுகள். மர அதிர்வில் கைகள் மரத்துப்போகும் நிலையில், பட்டை இல்லாத இருக்கையில், ஏறத்தாழ 57 நிமிடங்கள்.

நவம்பரில் பருவம் நீள்வட்டத்தை விட்டு வெளியேறுகிறது. கலிபோர்னியாவின் சாண்டா மோனிகாவில், தெருக்களையே தடமாகக் கொண்டு இரண்டு பந்தயங்கள் நடந்தன. 16-ஆம் தேதி வாண்டர்பில்ட் கோப்பையை ரெஸ்டா வென்றார். 18-ஆம் தேதி 400 மைலுக்கும் மேற்பட்ட கிராண்ட் பிரைஸ். இறுதியாக நவம்பர் 30 அன்று அஸ்காட்டில் 150 மைல் பந்தயத்தை ரிக்கன்பேக்கர் டூசன்பர்க் காரில் வென்றார்.

ஐந்தாம் படி: மாற்று ஓட்டுநர் என்ற சிக்கலை அவிழ்த்தல்

இப்போது புதிருக்கு வருவோம். நவம்பர் 18 கிராண்ட் பிரைஸ் பந்தயத்துக்கு எதிரே உங்கள் நோட்டில் வென்றவர் கட்டத்தில் இரண்டு பெயர்கள் இருக்க வேண்டும்: ஹவுடி வில்காக்ஸ், ஜானி எய்ட்கன்.

அந்தக் காலப் பந்தயங்களில் ஓர் ஓட்டுநர் களைத்தாலோ, கைகள் கொப்பளித்தாலோ, பிட் பகுதியில் (பந்தயத்தின் நடுவே கார்களை நிறுத்திக் கவனிக்கும் இடம்) நிறுத்திவிட்டு இன்னொருவரிடம் காரைக் கொடுப்பது அனுமதிக்கப்பட்ட வழக்கம். தம் சொந்தக் கார் பழுதாகி வெளியேறிய ஒருவர், அணித் தோழரின் காரில் ஏறித் தொடர்வதும் உண்டு. இந்தியானாபொலிஸில் மே மாதம் ரிக்கன்பேக்கர் தொடக்கச் சுற்றுகளில் முன்னணியில் இருந்து, தம் கார் நின்றுபோன பிறகு பீட் ஹெண்டர்சனின் மேக்ஸ்வெல் காரை வாங்கி ஓட்டியது இதற்கு எளிய எடுத்துக்காட்டு. இதனால் பழைய முடிவுகளைப் படிக்கும்போது, காரைத் தொடங்கியவர், காரை முடித்தவர் என்று இரண்டு கேள்விகளை எப்போதும் தனித்தனியாகக் கேட்க வேண்டும்.

சாண்டா மோனிகாவில் எய்ட்கனின் சொந்தக் கார் தொடக்கத்திலேயே பழுதாகிவிட்டது. அவர் வில்காக்ஸின் பியூஜோ காரில் மாற்று ஓட்டுநராக ஏறி, அதை முதலாவதாகக் கொண்டுவந்து சேர்த்தார். ரெஸ்டா அன்று பாதியிலேயே வெளியேறியிருந்தார். வெற்றியாளர் பட்டியலில் எய்ட்கனின் பெயருக்கு இடம் உண்டு. பட்டக் கணக்கில் அந்த வெற்றி அவருக்குப் புள்ளிகளைத் தரவில்லை. அவர் அந்தக் காரில் பந்தயத்தைத் தொடங்கியவர் அல்லர் என்பதே அதற்குக் காரணம்.

இதன் எடையை அறிய, புள்ளி முறையைப் பற்றி ஒன்று தெரிந்தால் போதும்: பந்தயத்தின் தூரம் கூடக் கூட வெற்றிக்கான புள்ளியும் கூடும். 300 மைல் பந்தய வெற்றிக்கு 900 புள்ளிகள். ரெஸ்டாவுக்கும் எய்ட்கனுக்கும் முடிவில் இருந்த வித்தியாசம் 660. நானூறு மைலுக்கு மேற்பட்ட அந்தப் பந்தயத்தின் வெற்றி முழுமையாக எய்ட்கனின் கணக்கில் ஏறியிருந்தால் பட்டம் கைமாறியிருக்கும்.

இதைப் படித்ததும் எய்ட்கனுக்கு அநீதி நடந்தது என்று கொதிப்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. உங்கள் நோட்டின் தூரம் என்ற கட்டத்தைத் திரும்பப் பாருங்கள். எய்ட்கன் தனியாக வென்ற நான்கில் இரண்டு வெறும் 100 மைல் பந்தயங்கள். ரெஸ்டாவின் ஐந்தில் ஒன்றுகூட 150 மைலுக்குக் குறைவானது அல்ல. மூன்று, 300 மைலோ அதை ஒட்டியோ இருந்தவை. நீண்ட தூரம் காரை உடையாமல் கொண்டுசேர்ப்பவருக்கே பட்டம் என்று புள்ளி முறையை வகுத்திருந்தார்கள்; ரெஸ்டா அதற்கு ஏற்றபடி வென்றார். விரைந்து ஓடுவதில் அந்த இலையுதிர் காலத்தில் எய்ட்கனை மிஞ்ச ஆளில்லை என்பதும் உண்மையே. இரண்டையும் ஒருசேர ஏற்றுக்கொள்ளலாம்.

பதிவுகள் முரண்படும்போது

இவ்வளவு தூரம் வந்தபின் நீங்கள் நிச்சயமாக ஒரு முரண்பாட்டைச் சந்திப்பீர்கள். 1916-க்கு முந்தைய ஆண்டுகளுக்கும் தேசிய சாம்பியன்களின் பெயர்களைத் தரும் பட்டியல்கள் இருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை அந்தந்த ஆண்டில் அறிவித்தவை அல்ல. 1920-களிலும் 1950-களிலும் சிலர் பழைய முடிவுகளை எடுத்து, தாங்களே புள்ளி கணக்கிட்டு, பின்னோக்கிச் சூட்டிய பட்டங்கள். ஓட்டுநர்கள் அந்தப் பந்தயங்களில் ஓடியபோது அப்படியொரு பட்டம் இருப்பதே அவர்களுக்குத் தெரியாது. எனவே ஒரு பட்டியலைக் காணும்போது, இது ஓடிய ஆண்டிலேயே அறிவித்ததா, பின்னர் கணக்கிட்டதா என்று முதலில் பிரித்துவிடுங்கள். பின்னதை ஆர்வத்துக்காகப் படிக்கலாம்; ஆதாரமாகக் காட்டக் கூடாது.

அன்றைய செய்தித்தாள்களை நேரடியாகத் தேடுவதே சிறந்த மருந்து. அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் பழைய நாளிதழ்த் தொகுப்பு இணையத்தில் கட்டணமின்றிக் கிடைக்கிறது. பந்தய நாளுக்கு அடுத்த நாள் இதழைத் திறந்து விளையாட்டுப் பக்கத்தைப் பாருங்கள். ரிக்கன்பேக்கரின் பெயர் அப்போது ஜெர்மானிய எழுத்துக்கூட்டில் இருந்ததால், இன்றைய எழுத்துக்கூட்டில் தேடினால் பல செய்திகள் அகப்படாமல் போகும். அந்தப் பெயரே அவருக்கு வினையானது: பருவம் முடிந்ததும் சன்பீம் நிறுவனத்தின் பந்தயக் கார்கள் தொடர்பாக இங்கிலாந்துக்குச் சென்றபோது, அங்கே அவரை உளவாளி என்று சந்தேகித்தார்கள். பின்னர் அவரே அமெரிக்க விமானப் படையில் 26 வெற்றிகளுடன் முதன்மையான போர் விமானியாகி, 1927-இல் இந்தியானாபொலிஸ் தடத்தையே விலைக்கு வாங்கினார்.

தடங்களை இன்று தேடிச் செல்ல விரும்புவோருக்கு ஒரு குறிப்பு. இந்தியானாபொலிஸ் தவிர அந்த ஆண்டின் பெரிய தடங்கள் எதுவும் எஞ்சவில்லை. சிகாகோ தடம் இருந்த இடத்தில் முதல் உலகப் போருக்குப் பின் முன்னாள் படைவீரர்களுக்கான ஹைன்ஸ் மருத்துவமனை எழுந்தது. மினியாபொலிஸ் கான்கிரீட் தடத்தின் நிலத்தில்தான் அந்நகரின் விமான நிலையம் வளர்ந்தது. ஷீப்ஸ்ஹெட் பே 1919-க்குப் பிறகு வீட்டு மனைகளாயிற்று. அங்கே போய்ப் பலகைகளைத் தேடுவது வீண். இந்தியானாபொலிஸ் எல்லைக் கோட்டில் மட்டும் மூன்றடி அகலத்துக்குப் பழைய செங்கற்களை இன்றும் விட்டுவைத்திருக்கிறார்கள்.

அடுத்து எந்தப் பருவம்?

1917-இல் அமெரிக்காவும் போரில் இறங்கியது; பந்தயங்கள் சில நடந்தாலும் பட்டம் இல்லை. இந்தியானாபொலிஸ் தடம் இரண்டு ஆண்டுகள் பந்தயத்துக்கு மூடிக்கிடந்து, ராணுவ விமானங்கள் இறங்கும் இடமாயிற்று. எய்ட்கனுக்கு இன்னொரு பட்ட வாய்ப்பு வரவில்லை. 1918 அக்டோபரில் இன்ஃப்ளூயன்ஸா கொள்ளைநோயில் இறந்தார். அவருக்காகக் காரை விட்டுக்கொடுத்த வில்காக்ஸ் 1919-இல் அதே பியூஜோ வகைக் காரில் இந்தியானாபொலிஸில் வென்றார். ரெஸ்டா 1924 செப்டம்பரில் இங்கிலாந்தின் புரூக்லாண்ட்ஸ் தடத்தில் உயிரிழந்தார்.

ஆகவே நோட்டுப் புத்தகத்தின் அடுத்த பக்கத்தில் 1920 என்று எழுதிக்கொள்ளுங்கள். அந்த ஆண்டு இந்தியானாபொலிஸில் வென்ற காஸ்டன் செவ்ரலே, நவம்பர் 25 அன்று பெவர்லி ஹில்ஸ் பலகைத் தடத்தில் நடந்த பருவத்தின் கடைசிப் பந்தயத்தில் மோதி இறந்தார். இறந்த பிறகு அவரைச் சாம்பியனாக அறிவித்தார்கள். சில ஆண்டுகள் கழித்துக் கணக்கைத் திருத்தி எழுதியவர்கள் அதே பட்டத்தை டாமி மில்டனுக்குக் கொடுத்தார்கள். எந்தெந்தப் பந்தயங்களைக் கணக்கில் சேர்த்தால் யார் முன்னே வருகிறார் என்று, 1916-க்குப் போட்ட அதே ஆறு கட்டங்களைப் போட்டு நீங்களே நிரப்பிப் பாருங்கள். ஏழாவதாக ஒரு கட்டம் சேர்த்து, அந்தப் பந்தயத்துக்குப் புள்ளி உண்டு என்று எந்த ஆண்டு சொன்னார்கள் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.